வாசலுக்கு வந்த பிள்ளையிடம் சொன்ன பொய்

போன மாசி மாதம் ஒரு நாள் காலை. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு கட்டுத் தாளும் தோளில் பிரஷர் பார்க்கும் கருவியுமாக ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். கூடவே எங்கள் பகுதி நர்சம்மா.

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, சமூக மருத்துவத்தில் எம்.டி. படிக்கிறாளாம். மூன்று வருடப் படிப்பு. ஓர் ஆய்வு செய்து எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். இரத்தக் கொதிப்புக்காரர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம்.

"எங்க வீட்டை எப்படிம்மா பிடிச்ச?" என்று கேட்டேன்.

"வார்டு பட்டியல்ல குலுக்கல் மாதிரி எடுத்தது ஐயா. நீங்க மாட்டேன்னு சொன்னா, உங்களுக்குப் பதிலா பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது."

தமிழில் அச்சடித்த ஒரு தாளைப் படித்துக் காட்டினாள். விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம், பாதியிலும் நிறுத்தலாம், பெயர் வெளியே வராது என்றிருந்தது. கையெழுத்துப் போட்டேன். உப்பு, ஊறுகாய், அப்பளம், நடை என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில், "போன ஏழு நாள்ல எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போச்சு ஐயா?"

"ஒரு நாள்கூட விடலையேம்மா" என்றேன்.

கருவியை மாட்டிப் பார்த்தாள். மேல் அளவு 160-ஐத் தாண்டியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டாள்.

அவள் போன பிறகு வீட்டம்மா உள்ளேயிருந்து வந்தாள். "அட்டையில மாத்திரை அப்படியே கெடக்கு. அந்தப் பிள்ளைகிட்ட எதுக்குங்க பொய்?"

எதுக்கு? வெட்கம்தான். முப்பது வருடம் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை அதட்டியவன் நான். என் வீட்டுப்பாடத்தை நான் செய்யவில்லை என்று பேத்தி வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் சொன்னது வெறும் பொய்யோடு நிற்காது. 'தினமும் மாத்திரை சாப்பிட்டும் கொதிப்பு இறங்காதவர்' என்று ஓர் எண்ணாகிவிடும். என்னைப் போல ஐம்பது பேர் சொன்னால், 'மாத்திரை போதவில்லை, அளவைக் கூட்ட வேண்டும்' என்ற முடிவுக்கு யாராவது வரலாம். உண்மையில் கூட்ட வேண்டியது எங்கள் பொறுப்பை அல்லவா?

நமக்கு இது புதிதில்லை. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் முன்னின்றார். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் குடும்பத்தைப் பிரிந்து ஒரு வருடம் சானடோரியத்தில் கிடக்க வேண்டும். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரைக் குடிசை வீட்டிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு. ஆனாலும் வீட்டிலிருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறினார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் நோய் கூடுதலாக ஒட்டவில்லை. 1959-இல் இது வெளிவந்த பிறகு சானடோரியக் காலம் உலகம் முழுக்க முடிவுக்கு வரத் தொடங்கியது.

அந்த ஆய்விலும் என்னைப் போன்றவர்கள் இருந்திருப்பார்கள் போல. நோயாளி சொல்வதை மட்டும் நம்பாமல், சிறுநீரைச் சோதித்தார்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். விட்டுவிட்டுச் சாப்பிடுகிறவர்கள் உண்டு என்று தெரிந்ததால்தான், கண்ணெதிரே மாத்திரை விழுங்க வைக்கும் முறையைச் சென்னையில் சோதித்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்று ஊர் ஊராக வந்தது அதன் வழிவந்ததுதான்.

இந்தப் படிப்புக்கு இன்று நல்ல இடங்கள் இருக்கின்றன. சென்னை ஐயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களே அங்கே 2001 முதல் மாணவர்களாகச் சேர்ந்து முதுநிலை படிக்கிறார்கள். வகுப்பில் உட்காருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நேரம் தங்கள் மாவட்டத்திலேயே, எந்தத் தெருவில் காய்ச்சல், எந்தக் குழாய்த் தண்ணீரில் கோளாறு என்று தேடி எழுதுவதுதான் பாடம்.

வாசலில் எழுதிய கணக்குக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2020-இல் தமிழ்நாடு முழுக்க எடுத்த ஆய்வில், கொதிப்பு உள்ள 100 பேரில் சுமார் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மாத்திரை வீடு தேடி வந்தது. சில வருடம் கழித்து மறுபடி எடுத்தபோது அந்த 7 சுமார் 17 ஆகியிருந்தது. இன்னும் வெகுதூரம் போக வேண்டும்தான். ஆனால் எவ்வளவு தூரம் என்று தெரிவதே யாரோ ஒருவர் கதவைத் தட்டியதால்தானே!

இனி, அவர்கள் பக்கத்துக் குறை. அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

"எத்தனை பேர் வந்து எழுதிட்டுப் போயிட்டாக, ஒருத்தராச்சும் திரும்ப வந்து சொன்னாகளா?" என்று எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார். பதில் இல்லை. ஆய்வு ஆங்கிலத்தில் பைண்டாகி நூலக அலமாரிக்குப் போகிறது. பிள்ளைக்குப் பட்டம் கிடைக்கிறது. பதில் சொன்ன நமக்கு, நம்மைப் பற்றி என்ன கண்டுபிடித்தார்கள் என்பதே தெரிவதில்லை. இரத்தம் கொடுத்தவனுக்கே அவன் ரிசல்ட்டைக் காட்டாத லேப் மாதிரி இது.

என் யோசனை சிறியது. ஆய்வைச் சமர்ப்பிக்கும்போது, தமிழில் ஒரு பக்கச் சுருக்கமும் சேர்த்தால்தான் ஏற்போம் என்று கல்லூரிகள் சொல்லட்டும். அந்த ஒரு பக்கத்தை ரேஷன் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டட்டும். கிராமமாக இருந்தால் ஆகஸ்ட் 15-க்கோ அக்டோபர் 2-க்கோ கிராம சபையில் ஐந்து நிமிடம் நின்று சொல்லட்டும். பதிலுக்கு ஊரும் கேள்வி கொடுக்கட்டும். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவருக்கு மூச்சு எப்படி இருக்கிறது? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு போவதால் என்ன ஆகிறது? இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு நூலகத்தில் கிடைக்குமா?

அந்தத் தாளில் பிள்ளையின் தொலைபேசி எண் இருந்தது. மறுநாள் கூப்பிட்டு, "ஏழில் நாலு நாள் விட்டுட்டேம்மா" என்று உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "திருத்திக்கிறேன் ஐயா. இன்னைக்குச் சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாப்பிட்டிருந்தேன். இப்போதும் சாப்பிடுகிறேன். ஆய்வு முடிந்ததும் வந்து முடிவைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். பார்ப்போம். உங்கள் வாசலுக்கும் இப்படி ஒரு பிள்ளை வந்தால் உட்காரச் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லுங்கள். போகும்போது, "முடிவு வந்ததும் எங்களுக்கும் வந்து சொல்லணும்மா" என்று மறக்காமல் கேளுங்கள்.