மோட்டார்தான் போச்சு, மெஷின் போகவில்லை!

வீட்டுக் கம்ப்யூட்டரில் எஸ்எம்பிஎஸ் எரிந்துபோனால் என்ன செய்கிறோம்? அதை மட்டும் மாற்றுகிறோம். ரேம் போனால் ரேம். சிபியு ஃபேன் சத்தம் போட்டால் புது ஃபேன். யாரும் முழு கம்ப்யூட்டரைத் தூக்கி எறிவதில்லை. ஆனால் அதே வீட்டில் இருக்கும் கார்ட்லெஸ் டிரில்லிங் மெஷின் சுற்றாமல் நின்றுவிட்டால், "இதையெல்லாம் ரிப்பேர் பண்ண முடியாது, புதுசு வாங்கிக்கோங்க" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வீடு திரும்புகிறோம். இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து.

அதிலும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருப்பவர்கள் ஏற்றுக்கொள்ளவே கூடாது. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து மோட்டார் சத்தத்தோடு வளர்ந்த ஊர் இது. ஸ்பின்னிங் மில், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி விசைத்தறிகள், தோட்டத்துக் கிணற்று பம்ப்செட் என்று எங்கு பார்த்தாலும் மோட்டார்தான். மில்லில் மோட்டார் எரிந்தால் மெஷினையா தூக்கிப் போடுகிறார்கள்? காயில் கட்டி, பேரிங் மாற்றி, மறுபடி ஓட விடுகிறார்கள். பெரிய மோட்டாருக்கு இருக்கும் இந்த மரியாதை, கையில் பிடிக்கும் சின்ன மோட்டாருக்கு ஏன் கிடைப்பதில்லை?

உள்ளே என்னதான் இருக்கிறது?

கார்ட்லெஸ் டிரில்லைத் திறந்தால் ஐந்தே பகுதிகள்: பேட்டரி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரிக்கர் ஸ்விட்ச், டிசி மோட்டார், கியர் பாக்ஸ், சக். நம் கம்ப்யூட்டர் கேபினெட்டின் உள்பக்கம் இதைவிடச் சிக்கலானது!

விலை குறைந்த மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். பிரஷ் தேய்வது இயற்கை. காங்கிரீட் சுவரில் சக்தியை எல்லாம் கொடுத்து அழுத்தும்போது மோட்டார் சுற்ற முடியாமல் திணறும், கரண்ட் எகிறும், வைண்டிங் கருகும். சில மெஷின்களில் பிரஷ்ஷை வெளியிலிருந்தே மாற்றலாம். பலவற்றில் மோட்டார் சீல் செய்யப்பட்டிருக்கும். மோட்டாரையே மாற்ற வேண்டும். அவ்வளவு சின்ன மோட்டாருக்குக் காயில் கட்டுவது கட்டுப்படியாகாது என்பது உண்மை. ஆனால் புது மோட்டார் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. புது மெஷினுக்கோ ஆயிரக்கணக்கில் ஆகும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு கம்பெனி பேட்டரி பொதுவாக இன்னொரு கம்பெனி மெஷினில் பொருந்தாது. மோட்டார் போனதற்காக வேறு கம்பெனி மெஷின் வாங்கினால், நல்ல நிலையில் இருக்கும் பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்தே வீணாகின்றன. மெஷினில் விலை அதிகமான பகுதியே பேட்டரிதான்!

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

மெஷின் சுற்றவில்லை என்றதும் மோட்டார் மீது பழி போடாதீர்கள். மல்டிமீட்டர் ஒன்று போதும். முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். 18 வோல்ட் பேட்டரியில் ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட், அதாவது மொத்தம் 21. கடையில் "21 வோல்ட்" என்று பெரிதாக எழுதி விற்கும் மெஷின்களில் பலவும் இதே ஐந்து செல்தான். ஏமாற வேண்டாம்.

பிறகு டிரிக்கரை முழுவதும் அழுத்தி மோட்டார் முனைகளில் வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஸ்விட்ச் அல்லது ஒயரிங் கோளாறு. வந்தும் சுற்றவில்லை என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டாரை கியர் பாக்ஸிலிருந்து பிரித்துச் சோதியுங்கள். தனியாகவும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டார் போய்விட்டது. தனியாகச் சுற்றினால் கியர் பாக்ஸில் சிக்கல். அழுத்தும்போது வோல்டேஜ் சடாரென்று இறங்கினால் குற்றவாளி பேட்டரி.

வாங்கும்போது மூன்று விஷயங்கள்

ஒன்று, மோட்டாரின் அளவு. 550, 775 என்ற எண்களைக் கேட்டிருப்பீர்கள். 550-ல் ஷாஃப்ட் சுமார் 3.17 மி.மீ., திருகு துளைகளுக்கு இடையே 25 மி.மீ. 775-ல் பெரும்பாலும் 5 மி.மீ. ஷாஃப்ட், 29 மி.மீ. இடைவெளி. இரண்டு, வோல்டேஜ். 12 வோல்ட் மோட்டாரை 18 வோல்ட் மெஷினில் போட்டால் சீக்கிரமே கருகும். மூன்று, ஷாஃப்ட்டில் இறுக்கி வைத்திருக்கும் பினியனின் பல் எண்ணிக்கை. பழைய பினியனில் எத்தனை பல் என்று எண்ணி, அதே எண்ணிக்கையும் அதே பல் அளவும் உள்ளதை வாங்குங்கள். ஒரு பல் மாறினாலும் கியர் பாக்ஸில் சேராது. பழைய பினியனைச் சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள். மோட்டார் வைண்டிங் கடையில் புல்லர் இருக்கும்; அதற்கேற்ற சின்ன அளவு இருந்தால் நிமிடத்தில் கழன்றுவிடும்.

எல்லா மெஷினுக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் மூன்று ஒயர்களும் கண்ட்ரோல் போர்டும் சேர்ந்து வரும். அந்த மாடலுக்கான ஸ்பேரே வேண்டும். வாரண்டி இருந்தால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே தொடாதீர்கள். பேட்டரி பேக்கை வீட்டில் பிரிக்கவே கூடாது. லித்தியம் செல்லில் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இ-கழிவு மேலாண்மை விதிகளில், டிரில், ரம்பம் போன்ற மின்கருவிகளும் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. கழிவாகிவிட்ட பிறகு தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது விதி. நல்லது. ஆனால் கழிவாகாமல் தடுப்பது யார் பொறுப்பு? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் "ரிப்பேர் செய்யும் உரிமை"க்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கைக்கருவிகளுக்கென்று அதில் தனித் தலைப்பு இல்லை.

இந்த மெஷினை வைத்துப் பிழைப்பவர்கள் யார்? கேமரா பொருத்துபவர், இன்டர்நெட் கேபிள் இழுப்பவர், தச்சர், எலக்ட்ரீஷியன். மெஷின் நின்றால் அவர்களுக்கு அன்றைய கூலியே போய்விடும். அவர்களுக்காகவாவது கம்பெனிகள் ஒரு சின்ன வேலை செய்யலாம். மோட்டாரின் அளவு, வோல்டேஜ், பினியன் பல் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் மெஷின் மேலேயே அச்சடித்துவிடலாம். ஒரு ஸ்டிக்கர் போதும். செலவு ஒன்றும் பெரிதில்லை.

அடுத்த முறை மெஷின் வாங்கும்போது, "இதற்கு மோட்டார் தனியாகக் கிடைக்குமா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் டீலரிடம் கேட்பார். டீலர் கம்பெனியிடம் கேட்பார். ஸ்பேர் பார்ட் அப்படித்தான் ஊருக்கு வந்து சேரும்.