வீதியும் நாமும்: ஓட ஓடச் சரிவராது



கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். 2009 இல் முல்லைத்தீவில் கணவரை இழந்தவர். முகாமிலிருந்து வெளியே வந்ததும் இரண்டு பிள்ளைகளோடு கண்டியிலுள்ள தமையன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இப்போது லீசிங்கில் எடுத்த பழைய வான் ஒன்றில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். அவருடைய கேள்வி இதுதான்:

“முன் ரயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோனதால் எலைன்மென்ட் செய்தேன். காசைக் கட்டி வானை வெளியே எடுத்தால், வான் நேராகப் போகிறது, ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் சரிந்து நிற்கிறது. திரும்பிப்போய்ச் சொன்னேன். ‘அக்கா, அது ஓட ஓடச் சரிவரும்’ என்று சிரித்தார்கள். அதற்குமேல் கேட்க வெட்கமாக இருந்தது. இப்படியே பிள்ளைகளை ஏற்றலாமா?”

சகோதரி, அது ஓட ஓடச் சரிவராது. எலைன்மென்டுக்கு முன் நேராக நின்ற ஸ்டியரிங் அதற்குப் பின் கோணி நின்றால், அந்த வேலை முடியவில்லை என்றே அர்த்தம். காசு கட்டிய வேலையை முடித்துத் தரும்படி கேட்பதற்கு நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏன் இப்படி ஆகிறது?

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கீழே ஒரு தண்டு இடமும் வலமுமாக நகர்கிறது. அதன் இரு முனைகளிலிருந்தும் முன் சில்லுகளுக்கு ஒவ்வொரு கம்பி போகிறது. இவற்றை ‘ரை ரொட்’ என்பார்கள். இந்தக் கம்பிகளின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் சில்லுகள் பார்க்கும் திசையைச் சரிசெய்கிறார்கள். வேலை தொடங்குமுன் ஸ்டியரிங்கை நேராக வைத்து, அசையாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். பவர் ஸ்டியரிங் வாகனமானால் என்ஜினை இயக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் சற்று ஆட்டி, நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே பூட்ட வேண்டும். அவசரத்தில் இதைச் சரியாகச் செய்யாவிட்டால், இரண்டு சில்லும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும், ஆனால் ஸ்டியரிங்கின் நடு தப்பிவிடும். அதனால்தான் வான் நேராகவும் ஸ்டியரிங் சரிவாகவும் இருக்கிறது.

முதலில் நீங்களே பார்க்கக்கூடியவை

ரயர் நான்கிலும் காற்று சரியா என்று பாருங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் சாரதிக் கதவருகே ஒட்டியுள்ள தாளில் இருக்கும். பிறகு ஸ்டியரிங்கின் உச்சியில் சிறு துண்டு வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் சமதரையான, நேரான வீதியொன்றில் மெதுவாக ஓடிப் பாருங்கள். கண்டியில் இது லேசான காரியமல்ல. வில்லியம் கொபல்லாவ மாவத்தையின் நேரான பகுதியில் விடிகாலையில் பார்க்கலாம். மழைநீர் வழிந்தோடுவதற்காக வீதியின் ஓரம் சரிவாக இருக்கும். நாம் இடப்பக்கம் ஓடுவதால் வாகனம் சற்று இடப்பக்கம் போகப் பார்க்கும். அதைப் பிழையென்று எண்ண வேண்டாம்.

வான் நேராகப் போகும்போது பிளாஸ்டர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, நிறுத்திய பின் தாளில் குறித்துவையுங்கள். “கொஞ்சம் கோணல்” என்று சொல்வதைவிட இதைக் காட்டுவது நல்லது.

கராஜில் என்ன கேட்பது?

இரண்டு பக்கத்து லொக் நட்டையும் தளர்த்தி, ஒரு பக்கத்து ரை ரொட் எவ்வளவு நீள்கிறதோ மறுபக்கத்து ரை ரொட் அதே அளவு குறையும்படி திருப்ப வேண்டும். அப்போது சில்லுகளின் அளவு கெடாமல் ஸ்டியரிங் நடுவுக்கு வரும். வேலை முடிந்ததும் அளவை மீண்டும் மெஷினில் பார்த்து, லொக் நட்டுகளை இறுக்கி, உங்களையும் ஏற்றிக்கொண்டு ஓடிப் பார்க்கும்படி கேளுங்கள். முன்பு செய்த வேலையின் பிழை என்பதால் இதற்கு வேறாகக் காசு கேட்பது நியாயமல்ல. சிங்களத்தில் சொல்ல வேண்டுமானால், “ஸ்டியரிங் எக்க கெலின் நே, மல்லி” என்றால் போதும். பிளாஸ்டர் மீதியைச் சொல்லிவிடும்.

சிலர் குறுக்குவழி பார்ப்பார்கள். ஸ்டியரிங்கைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டித் தருவார்கள். பார்வைக்கு நேராக இருக்கும். ஆனால் கீழேயுள்ள தண்டு நடுவில் இராது. ஒரு பக்கம் திரும்புவதைவிட மறுபக்கம் குறைவாகத் திரும்பும். எங்கள் மலைவீதி வளைவுகளில் இது தொல்லை. எயார்பாக் உள்ள வாகனமானால் தெரியாதவர் ஸ்டியரிங்கில் கைவைப்பது ஆபத்து. இதற்குச் சம்மதிக்க வேண்டாம். புதிய வாகனங்கள் சிலவற்றில் ஸ்டியரிங் திரும்பும் அளவைக் கணிக்கும் கருவி இருக்கிறது. அவற்றில் வேலை முடிந்தபின் அதையும் கணினியால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

எப்போது ஓடக்கூடாது?

சில்லுகளின் அளவு சரியாக இருந்து ஸ்டியரிங் மட்டும் கோணியிருந்தால் அதனால் ரயர் தேயாது. ஆனால் லொக் நட் இறுக்காமல் விடப்பட்டிருந்தால் அது உயிர் ஆபத்து. நாளுக்கு நாள் கோணல் மாறுகிறதா, ஸ்டியரிங் லொடலொடக்கிறதா, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். குழியில் விழுந்த உடனே கோணியிருந்தாலும் அப்படித்தான். ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கலாம். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்து வீதிகள் பலவற்றைச் சிதைத்தன. அப்படிப்பட்ட வீதிகளில் ஓடுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. எலைன்மென்ட் செய்வதற்கு முன்பே தேய்ந்த போல் ஜொயின்ட், ரை ரொட் முனை இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அவை ஆடினால் எத்தனை தரம் எலைன்மென்ட் செய்தாலும் நில்லாது.

பற்றுச்சீட்டு எங்கே?

கடைசியாக ஒன்று. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் உரியது. காசு வாங்கிச் செய்யும் வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது அதில் உண்டு. கராஜ்காரர் மறுத்தால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.

ஆனாலும் முதலில் திரும்பிப்போய்க் கேளுங்கள். சண்டை வேண்டாம். பிளாஸ்டர் ஒட்டிய ஸ்டியரிங்கைக் காட்டி, “தம்பி, இந்த வானில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள்” என்று சொல்லுங்கள். நாங்கள் எத்தனையோ அலுவலகங்களில், எத்தனையோ வரிசைகளில், “பிறகு வாங்கோ” என்று சொன்னதும் பேசாமல் திரும்பி வந்திருக்கிறோம். கேட்டால் கோபிப்பார்களோ என்ற பயம் எங்களோடு கூடவே வந்துவிட்டது. இந்த முறை அந்தப் பயத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். சரிவந்ததும் மறக்காமல் எங்களுக்கு எழுதுங்கள்.