தராசு முள்ளை எங்களுக்கும் காட்டுங்கள்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

"முள்ளைப் பாத்து எடை போடுங்க!"

சந்தையில் நிலக்கடலை மூட்டையை இறக்கும்போதெல்லாம் என் தந்தையார் சொல்லும் சொல் இது. மின்னணுத் தராசு வந்த பின்னும் அவர் வாயில் 'முள்'தான். அவர் பள்ளிக்கூடம் சென்றதில்லை. ஆயினும் எடையைத் தம் கண்ணால் பாராமல் ஒரு மூட்டையையும் விட்டுக் கொடுத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நானோ, முள்ளைப் பாராமலே தோற்று வந்தவன்.

பதினொன்றாம் வகுப்பில் படிக்கையில், பள்ளிகளுக்கிடையே நடந்த ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் தரைப் பயிற்சிப் பிரிவில் கலந்துகொண்டேன். நான்காம் இடம் கிடைத்தது. பெயருக்கு நேரே ஒரே ஓர் எண். எதற்காக எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்டேன். "நடுவர் தீர்ப்பே இறுதியானது, தம்பி" என்றார்கள். அன்றோடு பயிற்சியை விட்டுவிட்டேன்.

இது தோற்றவனின் புலம்பல் அன்று. ஜிம்னாஸ்டிக்ஸில் மதிப்பெண் வானத்திலிருந்து விழுவதில்லை. 2006 முதல் பன்னாட்டுப் போட்டிகளில் அது இரண்டு கூறுகளாக உள்ளது. செய்யும் வித்தையின் கடினத்திற்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போவது ஒன்று. செய்த நேர்த்திக்கு 10-இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவது மற்றொன்று. சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரும் பிழைக்கு 0.5, கீழே விழுந்தால் 1. நடுவர் பலரின் கழிவுகளில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிச் சராசரி காண்கிறார்கள். ஆய்வகத்தில் நாம் பல அளவீடுகள் எடுத்துச் சராசரி காண்பதும் இது போன்றதுதானே?

கணக்கு வெளியே தெரிந்தால்தான் பிழையும் வெளியே தெரியும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தென்கொரிய வீரர் யாங் டே-யங்குக்கு இணைக்கம்பிப் பயிற்சியில் தொடக்க மதிப்பு 10.0-க்குப் பதில் 9.9 என்று தவறாக இடப்பட்டது. தங்கம் வென்ற அமெரிக்கர் பால் ஹாமுக்கும் அவருக்கும் இடைவெளி 0.049 மட்டுமே. முறையீடு காலம் கடந்து வந்ததால் பதக்கம் மாறவில்லை. ஆனால் தவறு உலகறிய வெளிப்பட்டது. மூன்று நடுவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

2016 ரியோவில் நம் தீபா கர்மாகர் 0.150 வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்தார். அவர் செய்த 'புரோதுனோவா' தாண்டலின் கடின மதிப்பு 7.0. தரையிறங்கும்போது மிகத் தாழ்ந்துவிட்டார். எங்கே பெற்றார், எங்கே இழந்தார் என்பது தெரிந்ததால், அந்தத் தோல்வியில் ஐயத்திற்கு இடமில்லை, பெருமைக்கே இடமிருந்தது.

"பள்ளிப் போட்டியில் இதெல்லாம் நடக்குமா? ஒவ்வொரு பையனும் சண்டைக்கு வருவானே!" என்று சிலர் கேட்கலாம். பன்னாட்டு விதியிலேயே நேர்த்தி மதிப்பெண்ணை எதிர்த்து முறையிட இயலாது. நானும் முடிவை மாற்றச் சொல்லவில்லை. நடுவர் கையில் இருக்கும் கழிவுத் தாளைப் போட்டி முடிந்ததும் மாணவனிடம் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். வேண்டியது ஐந்து நிமிடம். 'முழங்கால் மடங்கியது, 0.3' என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால், மறுநாள் காலையிலேயே முழங்காலைத் திருத்தப் போயிருப்பேன். பிழையை அறியாதவன் எதைத் திருத்துவான்?

இக்கல்லூரியில் முதற்பருவத்தில் என் செய்முறைப் பதிவேட்டில் விரிவுரையாளர் சிவப்பு மையால் ஓர் இடத்தை வட்டமிட்டு, 'சுழிப்பிழையைக் கழிக்கவில்லை' என எழுதித் தந்தார். மதிப்பெண் குறைந்தது; ஆனால் வெர்னியரை அன்றுதான் கற்றேன்.

எடை குறைந்த நாளில் என் தந்தையார் வியாபாரியிடம் சண்டையிடுவதில்லை. முள்ளைப் பார்த்துவிட்டார் அல்லவா? "நம்ம காட்டுல வெளஞ்சது அவ்வளவுதான். அடுத்த போகத்துல பாப்போம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

அந்த அடுத்த போகம் பள்ளி மாணவனுக்கும் வேண்டும்.