அழுத்தமும் அமுக்கமும்

அடுத்த வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். எழுத்தாளன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்று ஒரு தவறான அபிப்பிராயம் அவளுக்கு உண்டு. சென்ற மாதம் ஒரு சாயங்காலம் புத்தகத்தோடு வந்து, "மாமா, அழுத்தம் மைனஸில் இருக்க முடியுமா?" என்று கேட்டாள்.

நரம்பைப் பற்றிய பாடம். சும்மா இருக்கும் நரம்பணுவின் உட்புறத்து மின்னழுத்தம் மைனஸ் 70 மில்லிவோல்ட் என்று போட்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த அழுத்தம் சைக்கிள் டியூபில் இருப்பது. தாத்தாவின் கையில் பட்டையைச் சுற்றி டாக்டர் பார்ப்பது. அது குறையலாம், இல்லாமலே போகலாம்; இல்லாததற்கும் கீழே எப்படிப் போகும்? நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, "பரீட்சைக்கு 70 என்பதுதான் முக்கியம், குறித்துக்கொள்" என்று பதில் கிடைத்ததாம்.

நான் காலேஜில் இரண்டு வருஷத்தோடு நின்றவன். பௌதிகம் எனக்கு அத்துப்படி என்று புளுக மாட்டேன். ஆனால் சிக்கல் பௌதிகத்தில் இல்லை, நம் தமிழில் இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. பிரஷர் என்பதற்கு அழுத்தம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பொட்டென்ஷியல் என்பதற்கும் முன்னால் ஒரு 'மின்'னை ஒட்டி அதே அழுத்தத்தைத்தான் வைத்திருக்கிறோம். முன்னது நெருக்கித் தள்ளுவது. பின்னது மேடு பள்ளக் கணக்கு. தெருவைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் கிணற்றின் அடி மைனஸ் முப்பது அடி. நரம்பணுவுக்கு வெளியே உள்ள திரவத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டதால் உள்ளே மைனஸ் 70. இதைச் சொன்னதும் "அவ்வளவுதானா!" என்று போய்விட்டாள்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஒரு கலைச்சொல் குழுவில் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தேன். குழுவின் பெயர் வேண்டாம். காப்பி நன்றாக இருந்தது. பட்டியலில் 'இன்புட் பொட்டென்ஷியல்' வந்தது. மின்சார என்ஜினீயர், "பெருக்கிக் கருவிக்குள் நாம் கொடுக்கும் வோல்ட்டேஜ்" என்றார். நரம்பு வைத்தியர் மறுத்தார். ஒரு நரம்பணுவுக்கு மற்றவற்றிலிருந்து வந்து சேரும் சின்னச் சின்னத் தூண்டல்கள்தான் அவருக்கு இன்புட். சில உள்ளே இருக்கிற மைனஸைப் பூஜ்யத்தை நோக்கி ஏற்றும், சில இன்னும் இறக்கும். கூட்டிக் கழித்து ஏறக்குறைய மைனஸ் 55 வந்தால் அணு செய்தியை அனுப்பிவிடும். விவசாய விஞ்ஞானிக்கோ இன்புட் என்றால் விதையும் உரமும். அவற்றைப் போட்டால் நிலம் எவ்வளவு கொடுக்கக்கூடும் என்பது பொட்டென்ஷியல்.

மூவர் சொன்னதும் மூன்று பொருள்கள். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்பது நம் விதி. ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். 'உள்ளீட்டு அழுத்தம்' என்று தீர்மானமாயிற்று. விவசாயத்துக்கு 'இடுபொருள்' என்று அருமையான சொல் இருக்கிறதே என்றேன். விதியைக் காட்டினார்கள். உள்ளீட்டு அழுத்தம் என்று படிக்கிற விவசாயி, உரத்தை வாங்கு வாங்கு என்று கடைக்காரர் தன்னை நெருக்குவதைப் பற்றி எழுதியிருக்கிறது என்றுதான் நினைப்பான். அதுவும் ஓரளவு வாஸ்தவம்தான், போகட்டும்.

இந்த விதிதான் என் சண்டைக்குக் காரணம். ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் ஒரு பொருளுக்கென்று அளந்து தைத்த சட்டை என்று நினைக்கிறோம். அப்படி ஒன்றும் இல்லை. இந்தச் சொல்லைக் கணக்கில் புகுத்தியவர் ஜார்ஜ் கிரீன், நாட்டிங்ஹாமில் மாவு மில் நடத்தியவர். சிறு வயதில் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போனதோடு சரி. 1828இல் சுமார் ஐம்பது பேரிடம் சந்தா வாங்கி மின்சாரம், காந்தம் பற்றி ஒரு நூல் அச்சிட்டார். 1841இல் அவர் இறந்த பிறகுதான் வில்லியம் தாம்சன் அதைக் கண்டெடுத்து உலகத்துக்குக் காட்டினார். 1853இல் ராங்கின் சக்திக்கு அதே அடைமொழியைச் சேர்த்தார். அதை நாம் நிலையாற்றல் என்கிறோம். 1870களில் கிப்ஸ் ரசாயனத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆளுக்கு ஆள் கைமாற்று வாங்கிய சொல் இது.

குழுவில் இருந்த பௌதிகப் பேராசிரியர் கெட்டிக்காரர். "எல்லாம் ஒரே குடும்பம் ஐயா. மின்சாரத்தில் ஓர் அலகு மின்னூட்டத்துக்கு எவ்வளவு ஆற்றல், ரசாயனத்தில் ஒரு மோலுக்கு எவ்வளவு, செடியின் தண்ணீரில் ஒரு கன அளவுக்கு எவ்வளவு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். ஒப்புக்கொள்கிறேன். குடும்பத்துக்கு ஒரே பெயர் இருக்கட்டும். ஆனால் நீங்கள் கொடுக்கிற வீட்டில் ஏற்கெனவே பிரஷர் குடியிருக்கிறதே!

செடியையே எடுத்துக்கொள்வோம். சுத்தத் தண்ணீரைப் பூஜ்யம் என்று வைத்து, உப்போ சர்க்கரையோ கரைந்தால் அதற்குக் கீழே என்று கணக்கிடுகிறார்கள். மண்ணில் அது மைனஸ் 1.5 மெகாபாஸ்கலுக்கு இறங்கினால் பல பயிர்கள் வாடி, இரவிலும் நிமிர்வதில்லை. இதற்கு 'நீர் அழுத்தம்' என்று பெயரிட்டால் பையன் மோட்டார் பம்பை நினைப்பான். அளக்கும் அலகும் பிரஷரின் அலகே என்பதால் அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அதோடு, இந்தக் கணக்கில் ஒரு பகுதி உண்மையாகவே பிரஷர்; செல்லின் சுவரை உள்ளிருந்து தள்ளுவது. ஆங்கிலத்தில் அது 'பிரஷர் பொட்டென்ஷியல்'. நம் விதிப்படி? 'அழுத்த அழுத்தம்'!

பிறகு, குடும்பத்தில் சேராமலே குடும்பப் பெயரைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். காற்றாலைக்காரர்களின் பொட்டென்ஷியலைப் பாருங்கள். 100 மீட்டர் உயரத்தில் கணக்கிட்டபோது இந்தியா முழுவதற்கும் சுமார் 3,02,000 மெகாவாட் என்றார்கள். 120 மீட்டருக்குக் கணக்கிட்டபோது சுமார் 6,95,000. தேசம் அதே தேசம்தான். உயரத்தைச் சொல்லாமல் தொகையை மட்டும் சொல்கிறவர், பூஜ்யம் எங்கே என்று சொல்லாமல் மைனஸ் 70 என்கிறவரைப் போலத்தான். இதற்கும் அழுத்தமா? 'கிடைக்கக்கூடியது' என்று சொன்னால் மெகாவாட் குறைந்துவிடுமா?

பேசாமல் பொட்டென்ஷியல் என்றே வைத்துவிடலாம் என்றார் ஒரு நண்பர். வைக்கலாம், குழப்பமும் அப்படியே இறக்குமதியாகும். ட்யூஷன் வாத்தியார் "பையனுக்குப் பொட்டென்ஷியல் இருக்கிறது" என்று பணம் வாங்குகிறாரே, அந்தச் சொல்லும் இதுதானே!

இவ்வளவுக்கும் தமிழில் வழி இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் அவர் பையனின் விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன். பிரஷருக்கு அங்கே அமுக்கம்: வளிமண்டல அமுக்கம், குருதி அமுக்கம். பொட்டென்ஷியலுக்குத்தான் அழுத்தம். நாம் நிலையாற்றல் என்பது அவர்களுக்கு அழுத்தசக்தி. அந்தப் பையன் 'அமுக்க அழுத்தம்' என்று எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சொல் அழகில்லை என்கிறீர்களா? அழகுக்கு நாங்கள் கதைக்காரர்கள் இருக்கிறோம். பாடப் புத்தகத்துக்கு இரண்டு பொருளுக்கு இரண்டு பெயர் போதும்.

இதைக் குழுவில் சொன்னபோது, "அது இலங்கை வழக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். என் ஆட்சேபத்தைக் குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். காரியதரிசி எழுதிக்கொண்டாரா, பேனாவை மட்டும் அசைத்தாரா என்று தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்த யாழ்ப்பாணத்துப் புத்தகத்தையும், முடிந்தால் அடுத்த வீட்டுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.