சிற்றில் சிதைத்த கால்கள்

‘பொது மைதானம்’ என்கிறோமே, அந்தப் பொதுவில் யார் இருக்கிறார்கள்? மாலை ஐந்து மணிக்குக் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி என எந்த ஊர்த் திடலை வேண்டுமானாலும் பாருங்கள். ஒரு பக்கம் கிரிக்கெட், ஒரு பக்கம் வாலிபால். ஆடாதவர்களும் கருவேல நிழலில் செல்போனோடு உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் மில் பஸ்ஸைப் பிடிக்கத் திடலின் ஓரமாக விரைந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அது வெறும் வழி.

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டுக் கட்டணம் வசூலிக்கத் தீர்மானித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. நானும் அந்த எதிர்ப்பின் பக்கம்தான். ஆனால் இலவசத் திடலிலும் பெண்களிடம் ஒரு கட்டணம் வசூலாகிறதே, அதை எதிர்த்து யார் கிளம்பினார்கள்? முறைத்த பார்வை, ஜாடைப் பேச்சு, “வயசுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?” என்ற கேள்வி: இவைதாம் அந்தக் கட்டணம்.

பெண்களுக்கு ஆர்வமில்லை என்பார்கள். முதலாண்டு மாணவிகளிடம் கடைசியாக எப்போது ஓடினீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். பலருக்கும் ஒரே பதில்: “பெரிய மனுசி ஆகறதுக்கு முன்னாடி, மேடம்.” அவர்களுக்கு வயது 17. செக் நாட்டு லிண்டா ப்ருவிர்தோவா 2022இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் மகளிர் டென்னிஸ் பட்டத்தை வென்றபோது அவருக்கும் வயது 17. ஆர்வத்தை யார் பறித்தது?

நான் பாடம் நடத்தும் பிள்ளைத்தமிழே பதில் சொல்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் ‘சிற்றில்’ என்றொரு பருவம் உண்டு. சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாடுவார்கள். தலைவன் அதைக் காலால் சிதைப்பான். வேண்டாமென்று அவர்கள் கெஞ்சுவார்கள். அவள் விளையாட்டைக் கலைப்பதே அவனுக்கு விளையாட்டு. இதை அழகென்று ரசித்துப் பழகிய நமக்குத் திடலில் அநீதி எப்படிக் கண்ணில் படும்?

வீனஸும் செரீனாவும் கலிபோர்னியாவின் காம்ப்டனில், பொதுப் பூங்காவின் டென்னிஸ் தளங்களில் ஆடித்தான் வளர்ந்தார்கள். ஆனால் தகப்பன் கூடவே நின்றார். தகப்பனோ அண்ணனோ காவல் நின்றால்தான் ஆடலாம் என்றால், அந்தத் தளம் இன்னும் பொதுவாகவில்லை.

கேட்பது பெரிதல்ல. வாரத்தில் மூன்று மாலைகள் திடல் பெண்களுக்கு மட்டும். எரிகிற விளக்கு. தண்ணீர் வருகிற கழிப்பறை. பெண் பயிற்றுநர். பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காத தலைமையாசிரியர். சாம்பியன் ஆவதற்காக மட்டுமல்ல. மூச்சு வாங்க ஓடி, தோற்று, சிரித்து வீடு திரும்புவதற்காக.

உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரட்டும். கெஞ்சுகிற பாட்டைப் பாடியது போதும்.