டிஃப் லாக் வயரை வெட்டுறதுக்கு விவசாயி பேரை இழுக்காதீங்க

"கிராமத்து ரோட்டுக்கு இது கட்டாயம் வேணும் சார்." இப்படிச் சொல்லித்தான் டவுன்ல அந்த வேலையை விக்கிறாங்க. புது ஆஃப்ரோடு வண்டிகள்ல பின் ஆக்சில்ல எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் லாக் வருது இல்லையா, அதை கம்பெனி வச்ச கட்டுப்பாட்டைத் தாண்டி எந்த வேகத்திலயும் எந்த கியர்லயும் போட்டுக்கிற மாதிரி வயரை மாத்திக் கொடுக்கிற வேலை. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் டிராக்டர் சாமான் வாங்கப் போனப்ப ஒரு பட்டறையில இந்தப் பேச்சு என் காதுல விழுந்தது. கிராமத்து ரோட்டுல தினமும் வண்டி ஓட்டுறவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்காம என் பேர்ல வியாபாரம் நடக்குது.

முதல்ல டிஃபரன்ஷியல் எதுக்குன்னு பார்ப்போம். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் போகணும், உள்சக்கரம் குறைவா போகணும். ரெண்டு சக்கரத்துக்கும் இடைவெளி 1.5 மீட்டர்னு வச்சுக்குங்க. ஒரு யூ-டர்ன் அடிச்சா வெளிச்சக்கரம் 4.7 மீட்டர் கூடுதலா ஓடியாகணும். வட்டம் சின்னதா பெருசாங்கிறது கணக்கே இல்லை, வித்தியாசம் அதேதான். இதுக்கான பல்சக்கர அமைப்புக்கு 1827-லயே ஒரு பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கிட்டார். பெக்கேர்னு பேரு, கடிகாரம் செய்யுறவர், நீராவி வண்டிக்காகச் செஞ்சார். (புதுச்சேரிக்காரங்க இதுக்கும் ஒரு தெருப் பேரு கேட்கலாம்.)

லாக் போட்டா ரெண்டு சக்கரமும் ஒரே கம்பி மாதிரி ஆயிடும். அந்த 4.7 மீட்டரை யாராவது கொடுத்துத்தான் ஆகணும். சேத்துல சேறு கொடுக்கும், சக்கரம் வழுக்கிக்கும். தார் ரோட்டுல வழுக்க இடமில்லை. டயர் தேயும், ஆக்சில் முறுக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரா போகப் பார்க்கும். மழை நாள்ல திருப்பத்துல இப்படி நடந்தா எதிர்ல வர்றவன் கதி என்ன?

இதெல்லாம் எங்களுக்குப் புதுசு இல்லை. டிராக்டர்ல வலது குதிகால் பக்கம் ஒரு பெடல் இருக்கும். மிதிச்சா லாக், காலை எடுத்தா விட்டுடும். சேடை ஓட்டும்போது மடைவாய்ப் பக்கம் ஒரு சக்கரம் மட்டும் சொதசொதன்னு சுத்த ஆரம்பிச்சா மிதிப்போம், நாலு முழம் நகர்ந்ததும் காலை எடுத்துடுவோம். ஒரு நாள் முழுக்க கழனி ஓட்டினாலும் அந்தப் பெடலுக்கு வேலை மொத்தமா சில நிமிஷம்தான். லாக்கோட திரும்பாதேன்னு எந்தக் கம்பெனி டிராக்டர் புத்தகத்தை எடுத்தாலும் போட்டிருக்கும். புத்தகம் படிக்காத ஆளுக்கும் வரப்பு முனையில ஒரு தடவை திருப்பிப் பார்த்தா புரிஞ்சிடும்.

இன்னொரு வித்தையும் உண்டு. டிராக்டர்ல இடது, வலது பிரேக் தனித்தனி. வெறுமனே சுத்துற சக்கரத்தை மட்டும் லேசா பிரேக் போட்டுப் பிடிச்சா பலம் எதிர்ச் சக்கரத்துக்குப் போயிடும். மஹிந்திரா தார்ல "பிரேக் லாக்கிங் டிஃபரன்ஷியல்"னு ஒண்ணு சொல்றாங்களே, அது இதுதான். எங்க கால் செஞ்சதை அங்க சென்சார் செய்யுது.

2024 ஆகஸ்ட்ல வந்த தார் ராக்ஸ் நாலு சக்கர டிரைவ் வண்டியில பின்னாடி எலக்ட்ரானிக் லாக் கொடுத்தாங்க. சுவிட்சை அழுத்துனதும் நேரா லாக் விழாது. வேகம் எவ்வளவு, எந்த கியர்னு வண்டியோட கம்ப்யூட்டர் பார்க்கும். சரின்னா மின்காந்தத்துக்குக் கரண்ட் விடும், பல்சக்கரம் கோத்துக்கும். நிபந்தனை வண்டிக்கு வண்டி மாறும். ஜீப் ராங்க்ளர் ரூபிகான்ல பெரும்பாலும் 4-லோ போட்டாத்தான் லாக் விழும்.

பட்டறைக்காரர் செய்யுறது என்னன்னா, பேட்டரியில இருந்து ஒரு ரிலே, ஒரு டாகிள் சுவிட்ச் போட்டு அந்த மின்காந்தத்துக்கு நேரா 12 வோல்ட் கொடுத்துடுறார். வேலை சுலபம். ஆனா லாக் விழுந்த விஷயம் இப்ப கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சக்கரம் நாலும் தனித்தனியா சுத்துதுன்னு நம்பிக்கிட்டு ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் கணக்குப் போடும். ஒரு சக்கரத்தைப் பிடிச்சா ரெண்டும் சேர்ந்து இழுக்கும். கண்ணைக் கட்டி வண்டி ஓட்டச் சொல்ற மாதிரி.

"என் காசு, என் வண்டி, கம்பெனிக்காரன் யாரு பூட்டுப் போட?"ன்னு கேட்பீங்க. இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவுல ஜான் டியர் டிராக்டரை விவசாயியே ரிப்பேர் செய்ய முடியாதபடி சாஃப்ட்வேர்ல பூட்டி வச்சிருக்காங்கன்னு பல வருஷமா சண்டை. 2025 ஜனவரியில அந்த நாட்டு வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டுச்சு. அந்தச் சண்டையில நான் விவசாயி பக்கம். ரிப்பேர் விவரம், சாஃப்ட்வேர், சாமான் எல்லாம் நம்ம கைக்கு வரணும். ஆனா கெட்டுப்போனதைச் சரி பண்ற உரிமையும், சரியா இருக்கிறதை ஏமாத்துற ஆசையும் ஒண்ணா? வயரை வெட்டுறவர் எதையும் ரிப்பேர் செய்யலை.

சட்டமும் லேசா இல்லை. பதிவுச் சான்றிதழ்ல இருக்கிற விவரம் கம்பெனி முதல்ல குறிச்சதுக்கு மாறாம இருக்கணும், அப்படி மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வச்சு சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாம மாத்துற ஓனருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் இல்லேன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும்கூட. ஒரு ரிலேயும் சுவிட்சும் இதுக்குள்ள வருமான்னு வக்கீலுங்க வாதாடட்டும். விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் எந்தப் பக்கம் வாதாடுவார்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு உண்மையிலயே வயித்தெரிச்சல் வேற. ஞாயித்துக்கிழமை ஆனா இந்த வண்டிங்க எங்க வண்டிப்பாதைக்கும் ஏரிக்கரைக்கும் வருது. களிமண்ணுல நாலு சக்கரமும் புதைஞ்சிருக்கும்போது லாக் போட்டா வண்டி ஏறாது, ஒரு குழிக்குப் பதிலா ரெண்டு குழி தோண்டும். லாக் உதவுறது ஒரு சக்கரம் தூக்கிக்கிட்டோ வெறுமனே சுத்திக்கிட்டோ இருந்து, இன்னொண்ணுக்குப் பிடிமானம் இருக்கும்போதுதான். டயர் காத்தைக் கொஞ்சம் இறக்கினா பாதி நேரம் அதுவே போதும், செலவும் இல்லை. திரும்பிப் போகும்போது காத்து அடிச்சுக்கணும், அவ்வளவுதான். நீங்க தோண்டிட்டுப் போன ரெண்டு குழியிலயும் மழைத் தண்ணி நின்னு கரை ஊறும். அடுத்த வாரம் அந்தப் பாதையில நெல்லு மூட்டையை ஏத்திக்கிட்டு தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கிளம்புற டிராக்டர் டிப்பர் ஒரு பக்கமா சாயும்.

கம்பெனிக்காரங்க மேலயும் குத்தம் உண்டு. லாக் எப்ப விழும், எப்ப விடும், ஏன் விடும்னு தமிழ்ல ஒரு பக்கம் அச்சடிச்சு வண்டியோட கொடுத்தா என்ன கெட்டுப்போச்சு? காரணம் தெரியாத ஆளுக்கு எந்தக் கட்டுப்பாடும் கம்பெனியோட திமிராத்தான் தெரியும். பட்டறைக்காரர் வாய்ஜாலம் எடுபடுறது அங்கதான்.

இவ்வளவுக்கும் அப்புறம் லாக் என் கையில இருக்கணும், கம்ப்யூட்டர் குறுக்க வரக் கூடாதுன்னா, ஃபோர்ஸ் கூர்க்கா இருக்கு. முன்னாடியும் பின்னாடியும் கையால போடுற லாக், கம்பெனியிலயே பொருத்தி வருது. வாங்கிக்குங்க. ஓட்டிப் பழக இடம் வேணும்னா அறுவடை முடிஞ்சதும் எங்க தரிசுக்கு வாங்க, முதல்ல டிராக்டர் பெடல்ல கால் வைக்கச் சொல்லித் தர்றேன். ஏரிக்கரைப் பக்கம் மட்டும் திருப்பாதீங்க.