மூக்கு தரும் சான்றிதழ் செல்லாது

ஃபினாயில் வாசம் வந்தால் இடம் சுத்தமாக இருக்கிறது என்று நம்புகிறோம். ஆஸ்பத்திரி வராந்தா, பள்ளிக் கழிப்பறை, கல்யாண மண்டபம், அலுவலகக் கூடம் என்று எங்கே போனாலும் நாம் பார்ப்பது இரண்டைத்தான். உள்ளே நுழைந்ததும் மூக்கில் நெடி ஏறுகிறதா, தரை ஈரத்தில் பளபளக்கிறதா? இரண்டும் இருந்தால் "நல்லா மெயின்டெய்ன் பண்றாங்க" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். இந்த நம்பிக்கை தவறு. அது தண்ணீரை வீணாக்குகிறது, கட்டடத்தை அரிக்கிறது, துடைப்பவரின் நுரையீரலைக் கெடுக்கிறது. எங்கே அழுக்கு இருக்கிறது, எப்போது துடைக்க வேண்டும், துடைத்தது போதுமா என்று சொல்லும் கருவிகள் இன்று கடையில் கிடைக்கின்றன. அவற்றை நம் கட்டடங்களுக்குள் நுழையவிடாமல் தடுப்பதில் பணத் தட்டுப்பாட்டைவிட இந்த நம்பிக்கைக்கே பங்கு அதிகம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1865-இல் கிளாஸ்கோ நகரின் ராயல் மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் காயங்களுக்குக் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டத் தொடங்கினார். சீழ் பிடித்துச் சாகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. மருத்துவ வரலாற்றின் பெரிய திருப்பங்களில் அது ஒன்று. பிறகு அறுவை அறையின் காற்றிலும் அதே அமிலத்தைத் தெளிக்க வைத்தார். ஆஸ்பத்திரியையும் அந்த நெடியையும் சேர்த்தே நினைக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் வேரூன்றியது. ஆனால் காற்றில் தெளிப்பதால் பயனில்லை என்று கண்டு 1887-இல் லிஸ்டரே அதை நிறுத்திவிட்டார். அதைப் பரிந்துரைத்ததற்காக வெட்கப்படுவதாக 1890-இல் பெர்லின் மாநாட்டில் வெளிப்படையாகச் சொன்னார். தொடங்கி வைத்தவர் கைவிட்டதை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

2020 ஏப்ரலில் இந்தப் பிடிப்பு எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தது. திருப்பூர்ச் சந்தையில் மனிதர்கள் மேலேயே கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் அமைக்கப்பட்டது. ஊருக்கு ஊர் அதைப் பின்பற்றினார்கள். அதே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் ஆட்கள் மீது தெளிக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. தெருவில் தெளிப்பதையும் கட்டடத்துக்குள் புகைபோல் அடிப்பதையும் பரிந்துரைப்பதில்லை என்று மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அப்படியும் அடுக்குமாடி வாசல்களில் தெளிப்பான்கள் ஓய்வதற்குப் பல மாதங்கள் ஆயின. நெடி வந்தால்தான் மனம் ஆறியது.

கிருமி சாக மூன்று வேண்டும்: சரியான மருந்து, சரியான அளவு, போதுமான நேரம். மருந்து பட்ட இடம் சில நிமிடங்களாவது ஈரமாக இருக்க வேண்டும். அதற்கு முன்பே அழுக்கை எடுத்திருக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் போன்ற மருந்தின் வீரியத்தை அழுக்கே தின்றுவிடும். நடைமுறையில் நடப்பது என்ன? ஒரு பக்கெட், ஒரு மாப், ஒரு மூடி ஃபினாயில். முதல் அறையின் அழுக்கை முக்கிப் பிழிந்து இரண்டாம் அறையில் பூசுகிறோம். ஐந்தாவது அறைக்குப் போகும்போது தண்ணீர் கறுத்துவிடுகிறது. வாசம் மட்டும் குறையவே இல்லை. பரப்புகள் வழியாக நோய் பரவுவது பெரும்பாலும் கை படும் இடங்களில்: கதவுப்பிடி, குழாய்த் திருகு, சுவிட்ச், கட்டில் கம்பி, லிஃப்ட் பொத்தான். நம் மாப் அந்த உயரத்துக்கு ஏறுவதே இல்லை.

லிஸ்டர் வேலை பார்த்த அதே கிளாஸ்கோவில் இதற்கு நல்ல சான்று கிடைத்தது. ஸ்டெஃபனி டான்சர் என்ற நுண்ணுயிரியல் நிபுணரும் அவரது குழுவினரும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுவை வார்டுகளில் கூடுதலாக ஒரே ஒரு தூய்மைப் பணியாளரை வாரத்தில் ஐந்து நாள் அமர்த்தினார்கள். அவர் கிருமிநாசினி எதையும் பயன்படுத்தவில்லை. சாதாரண டிடர்ஜென்ட் தோய்த்த துணியால் கை படும் இடங்களைத் துடைத்தார், அவ்வளவுதான். அந்த இடங்களில் நுண்ணுயிர் மாசு 32.5 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் ஃபிலிப் கார்லிங் என்ற மருத்துவர் 36 மருத்துவமனைகளில் கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் பசையைப் பொட்டு வைத்து, துடைத்து முடித்த பிறகு புற ஊதா டார்ச் அடித்துப் பார்க்க வைத்தார். துடைக்கப்பட வேண்டிய இடங்களில் பாதிக்கும் குறைவாகவே துணி பட்டிருந்தது. இந்த விவரத்தைப் பணியாளர்களிடமே காட்டிப் பயிற்சி கொடுத்த பிறகு முக்கால் பங்குக்கு உயர்ந்தது. அளந்தார்கள், காட்டினார்கள், சரியானது. அந்த மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் முதல் நாளிலும் மருந்து வாசம் இருந்திருக்கும்.

இந்த நெடிக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,235 பேரை இருபது ஆண்டுகளாகத் தொடர்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டிலோ வேலையிடத்திலோ சுத்தம் செய்யும் பெண்களுக்கு, செய்யாத பெண்களைவிட நுரையீரல் திறன் வேகமாகக் குறைந்திருந்தது. அங்கே அப்படி என்றால், ஜன்னலில்லாத கழிப்பறைக்குள் முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் ஆசிட் ஊற்றித் தேய்க்கும் நம் பெண்களின் கதி என்ன? ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. இரண்டும் நம் ஸ்டோர் ரூமில் ஒரே அலமாரியில் நிற்கின்றன. அந்த ஆசிட் மார்பிளையும் மொசைக்கையும் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்டையும் கரைக்கிறது. கரைந்த குழியில் சிறுநீர் ஊறுகிறது, நாற்றம் கூடுகிறது, மறுநாள் இன்னும் ஆசிட் ஊற்றுகிறோம். வழிந்தோடுவது அடுக்குமாடியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே கழிவைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் பாக்டீரியாவையும் அது கொல்கிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்த நகரம் சென்னை. யாரும் நடக்காத மாடியையும் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றித் துடைக்கும் பழக்கம் அந்த நகரத்துக்குத் தகாது.

காய்ச்சலை வெப்பமானி வைத்துப் பார்ப்பதுபோல அழுக்கையும் அளந்து பார்க்க முடியும். கழிப்பறை வாசலில் ஆட்களை எண்ணும் சென்சார் வைத்தால், இத்தனை பேர் வந்த பிறகு துடை என்று அதுவே செய்தி அனுப்பும். கூட்டமில்லாத நாளில் சும்மா கழுவ வேண்டாம், கூட்டமான நாளில் மாலை வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் உள்ள 'தி எட்ஜ்' என்ற அலுவலகக் கட்டடத்தில் சுமார் 28,000 சென்சார்கள் உள்ளன. அன்றைக்கு எந்தப் பகுதியில் ஆட்கள் அதிகம் புழங்கினார்கள் என்று பார்த்து, துப்புரவை அங்கே குவிக்கிறார்கள். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் கழிப்பறையில் பயணி திரையைத் தொட்டுச் சொல்லும் குறை, பொறுப்பாளருக்கு உடனே போகிறது. ஏடிபி மீட்டர் என்று ஒரு கையடக்கக் கருவி இருக்கிறது. மின்மினிப்பூச்சி ஒளிரக் காரணமான நொதியை வைத்து, துடைத்த இடத்தில் உயிர்ப்பொருள் எச்சம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சில நொடிகளில் எண்ணாகக் காட்டும். எந்தக் கிருமி என்று அதற்குச் சொல்லத் தெரியாது; ஆனால் துடைத்தது போதுமா என்பதை மூக்கைவிடப் பல மடங்கு நன்றாகச் சொல்லும். இவற்றோடு அறைக்கு ஒரு மைக்ரோஃபைபர் துணியும், மருந்தைச் சரியான அளவில் கலந்து தரும் சிறு இயந்திரமும் சேர்ந்தால் தண்ணீரும் ரசாயனமும் வெகுவாக மிச்சமாகும்.

"இதெல்லாம் பணக்காரக் கட்டடங்களுக்கு" என்பார்கள். 28,000 சென்சார் யாரும் கேட்கவில்லை. ஒளிரும் பசையும் புற ஊதா டார்ச்சும் எந்தப் பள்ளிக்கும் எட்டும் விலைதான். வாசல் எண்ணிக்கைக் கருவியும் அப்படித்தான். மாதாமாதம் கேன் கேனாக வாங்கி வடிகாலில் ஊற்றும் ஃபினாயிலையும் ஆசிட்டையும் குறைத்தாலே அதற்குக் காசு கிடைக்கும்.

இன்னொரு எதிர்ப்பு நியாயமானது: இயந்திரம் வந்தால் ஆளைக் குறைப்பார்கள், இருப்பவரை வேவு பார்ப்பார்கள். நாகபுரியிலும் சண்டிகரிலும் மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டின. எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கண்காணித்தார்கள், பணியாளர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது சரி. கைக்கடிகாரம் மனிதரை அளக்கிறது, அழுக்கை அளக்கவில்லை. சென்சார் இருக்க வேண்டிய இடம் கதவும் குழாயும் தரையும். பணியாளரின் மணிக்கட்டு இல்லை. மிச்சமாகும் நேரமும் பணமும் ஆளைக் குறைக்க அல்ல. கை படும் இடங்களைத் துடைக்கவும், கையுறைக்கும் நியாயமான சம்பளத்துக்கும் போக வேண்டும். கிளாஸ்கோவில் பலன் தந்தது கூடுதலாக வந்த ஓர் ஆள் என்பதை யாரும் மறக்கக் கூடாது.

கோளாறின் வேர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இத்தனை ஆள், இத்தனை லிட்டர் மருந்து, ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று டெண்டர் எழுதுகிறோம். கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் மணிக்கு ஒரு கையெழுத்து விழுந்தால் பில் பாஸாகிவிடும். கான்ட்ராக்டருக்கு மலிவான வழி நெடி தூக்கலான மருந்தை வாங்குவதுதான், ஏனென்றால் நாம் சோதிப்பது அதைத்தான். அளவை எழுதினால் வேலை மாறும்: கை படும் எந்தெந்த இடங்கள், எந்த அளவுக்குள் மீட்டர் எண் இருக்க வேண்டும், மாதத்துக்கு எவ்வளவு தண்ணீர், எந்த ரசாயனத்துக்கு அனுமதி இல்லை, பணியாளருக்கு என்ன பாதுகாப்பு.

குடியிருப்போர் சங்கத்திலும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும், மருத்துவமனை நிர்வாகத்திலும் உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தான். துப்புரவு ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது இந்த அளவுகளைக் கேளுங்கள். கொடுக்க முடியாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆசிட் கேனைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அந்த இடத்தில் டார்ச்சும் கையுறையும் எழுதுங்கள். வாசத்துக்குக் கொடுத்த காசு போதும். இனி சுத்தத்துக்கும், அதைச் செய்யும் கைகளுக்கும் கொடுப்போம்.